ஒரு வாரம், ஒரு மீன்: எல்.கே.ஜி. வகுப்பில் தீம் பாடம் நடத்துவது எப்படி?

எல்.கே.ஜி.க்குப் புதிதாக வரும் டீச்சர்களுக்கு 'தீம் வாரம்' (வாரம் முழுக்க ஒரே விஷயத்தைச் சுற்றிப் பாடம்) என்றாலே சார்ட் பேப்பர்தான் ஞாபகம் வரும். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். கடல் தீம் என்றதும் டால்பின், திமிங்கிலம், ஆக்டோபஸ் என்று ராத்திரி முழுக்க வெட்டி ஒட்டிச் சுவரை நிறைத்தேன். பிள்ளைகள் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டு, ஜன்னலில் வந்து உட்கார்ந்த காக்காயைப் பார்க்கப் போய்விட்டார்கள். பள்ளிக்கூடம் இருப்பது கடலூரில். தேவனாம்பட்டினம் கடற்கரை பக்கத்திலேயே இருக்க, நான் யாரும் பார்க்காத கடலைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன்!

அடுத்த வருஷம் சார்ட்டை மூட்டை கட்டிவிட்டு மீனையே வகுப்புக்குக் கொண்டுபோனேன். அந்த வாரத்தை நீங்களும் நடத்தலாம்.

முதலில் நாள் பார்க்க வேண்டும். இந்தக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. தடை முடிந்த அடுத்த வாரம்தான் தோது. துறைமுகத்தில் மீன் வரத்து கூடியிருக்கும், பல வீடுகளில் பேச்சே அதுவாக இருக்கும். முந்தின வாரமே டைரியில் பெற்றோருக்கு ஒரு வரி எழுதிக் கேட்டுவிடுங்கள்: பிள்ளை மீனைத் தொடலாமா? மீனோ முட்டையோ ஒத்துக்கொள்ளாமல் போகுமா? வேண்டாம் என்று எழுதும் வீட்டுப் பிள்ளைக்குச் சிப்பியும் மணலும் இருக்கவே இருக்கிறது.

திங்கட்கிழமை, தொடுவது. காலையில் வாங்கிய மத்தி நாலு, நடுத்தரச் சங்கரா இரண்டு போதும். ஐஸில் வைத்துக் கொண்டுவாருங்கள். சங்கராவின் முதுகு முள்ளை முதலிலேயே கத்தரித்துவிட வேண்டும். கெளுத்தி பக்கமே போகாதீர்கள், அதன் முள் குத்தினால் கடுக்கும். ஒரு தட்டைச் சுற்றி ஆறேழு பிள்ளைகளுக்கு மேல் வேண்டாம். மற்றவர்களை அதுவரை ஆயாம்மா களிமண்ணோடு பார்த்துக்கொள்ளட்டும்.

விரலைத் தலையிலிருந்து வால் பக்கம் தடவச் சொல்லுங்கள், வழுக்கும். வாலிலிருந்து தலைக்குத் தடவினால் செதில் விரலைத் தடுக்கும். இந்த ஒன்றையே பத்து நிமிஷம் செய்வார்கள், அவசரப்படுத்தாதீர்கள். அப்புறம் செவுள் மூடியைத் தூக்கிக் காட்டினால் உள்ளே சிவப்பாக, சீப்பு மாதிரி இருக்கும். மூச்சு விடுவது அதில்தான் என்று ஒரே வரி போதும். நீங்கள் குறைவாகப் பேசினால் அவர்கள் பேசுவார்கள். என் தட்டைப் பார்த்துவிட்டு ஒரு பையன், "மிஸ், இது மத்தி இல்ல, கவலை" என்றான். எனக்கு என்ன கவலை என்கிறானோ என்று ஒரு நொடி விழித்தேன். கவலை என்று ஒரு மீனே இருக்கிறது, மத்தி ஜாடையில். கரையோரப் பிள்ளைகளிடம் தோற்கத் தயாராகப் போங்கள்.

அதே சங்கராவைத் துணியால் ஈரம் போக ஒற்றி எடுத்து, வாட்டர் கலரை மெல்லிசாகத் தடவி, மேலே மெல்லிய தாளை விரித்து உள்ளங்கையால் அழுத்தினால் செதில் செதிலாக அச்சு விழும். ஜப்பான் மீனவர்கள் பிடித்த மீனைப் பதிவுசெய்து வைத்தது இப்படித்தான். முதல் தடவை நான் கலரை அப்பிவிட்டேன், தாளில் மீன் வரவில்லை, ஒரு நீலக் குட்டைதான் வந்தது. முடிந்ததும் எல்லோரும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். அந்த மீனைக் குழம்புக்கு எடுத்துப் போகாதீர்கள்.

செவ்வாய்க்கிழமை மணல். எவர்சில்வர் தட்டில் சலித்த மணலைப் பரப்பி, விரலால் எழுதவிடுங்கள். திண்ணைப் பள்ளிக்கூடக் காலத்துப் பழக்கம்தான். முதலில் ட. அதற்கு வலப்பக்கம் ஒரு கோடு ஏற்றினால் ப. படகு என்ற சொல்லில் பாதி அங்கேயே வந்துவிட்டது.

புதன்கிழமை சந்தை. எண்களுக்கு இதைவிட நல்ல விளையாட்டு எனக்குத் தெரியாது. கரையில் பொறுக்கிய சிப்பிகளைக் கழுவி ஒரு கூடையில் கொட்டுங்கள். "கூறுக்கு அஞ்சு" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள். ஐந்தைந்தாகக் கூறு கட்டுவார்கள். ஒன்று குறைந்தால் வாங்க வந்தவர் சும்மா விடமாட்டார், அதனால் திருத்துகிற வேலையும் உங்களுக்கு இல்லை. மறுநாள் பேரம் பேசவிடலாம்.

வியாழக்கிழமை உப்பு. ஒரு டம்ளர் நல்ல தண்ணீரில் முட்டையைப் போட்டால் அடியில் போய்ப் படுக்கும். எடுத்துவிட்டு, மூன்று மேசைக்கரண்டி உப்பைக் கரைத்து மறுபடி போட்டால் மிதக்கும். உடனே "அப்போ கடல்லயும் முட்டை மிதக்குமா மிஸ்?" என்று கேட்பார்கள். ஆமாம் என்று சொல்லிவிடாதீர்கள். கடலில் லிட்டருக்கு 35 கிராம் அளவில்தான் உப்பு, புது முட்டையைத் தூக்க அது போதாது.

முட்டை போட்ட தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். வேறொரு டம்ளரில் புதிதாகச் சமையல் உப்பைக் கரைத்து, தட்டு நனையும் அளவுக்கு மட்டும் ஊற்றி, மெல்லிய துணி மூடி வெயிலில் வையுங்கள். மரக்காணம் உப்பளத்தில் பாத்தி கட்டிச் செய்வதும் இதே வேலைதான், பெரிய அளவில். மழை வராவிட்டால் வெள்ளிக்கிழமை தட்டில் வெள்ளையாகப் பூத்திருக்கும். அப்போது "நக்காதீங்க" என்று சொல்லிப் பயனில்லை. அதற்காகத்தான் சமையல் உப்பு, கழுவின தட்டு.