வயிற்று டயாலிசிஸில் திரவம் வடிய மறுத்தால்

வீட்டில் வயிற்று டயாலிசிஸ் (வயிற்றுக்குள் குழாய் வழியே திரவத்தை ஏற்றி, கழிவோடு வடித்தெடுக்கும் சிகிச்சை) செய்யும்போது, வடியும் திரவம் சொட்டுச் சொட்டாகி நின்றுவிட்டால், முதலில் படுக்கையை விட்டு எழுந்து நில்லுங்கள். நாலடி நடந்து பார்க்கலாம், இல்லையென்றால் இடமும் வலமுமாகப் புரண்டு படுக்கலாம். பல நேரம் இதுவே போதும்.

வயிற்றுக்குள் இருக்கும் குழாயின் நுனியில் இருப்பவை சின்னச் சின்னத் துளைகள்தான். குடலோ கொழுப்பு மடிப்போ அவற்றின் மேல் ஒட்டிக்கொண்டால் வழி அடைபடும். உடம்பை அசைத்தால் விலகும். திரவம் வடிவது புவியீர்ப்பால் என்பதால் வடிபை (வடியும் திரவம் சேரும் பை) வயிற்றுக்குக் கீழே இருக்க வேண்டும். ஆனால் மிகவும் தாழ்த்தினால் உறிஞ்சும் விசை கூடி, கடைசியில் சுரீரென்று வலிக்கும். அப்போது பையைக் கொஞ்சம் உயர்த்தினால் சரி. குழாய் எங்காவது மடிந்திருக்கிறதா, கிளாம்ப் திறந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள் (சிரிக்காதீர்கள், அடிக்கடி நடப்பதுதான்).

இது அடிக்கடி நடந்தால் மலச்சிக்கலைச் சந்தேகியுங்கள். நிறைந்த குடல் குழாயை அழுத்தும், இடம் மாற்றவும் செய்யும். மலமிளக்கியை மருத்துவரைக் கேட்டே எடுங்கள். மக்னீசியம், பாஸ்பேட் கலந்தவை சிறுநீரக நோயாளிக்கு ஆகாது.

வடிந்த திரவம் கலங்கலாக இருந்தாலோ, காய்ச்சலோ வயிற்றுவலியோ இருந்தாலோ இந்த உபாயமெல்லாம் வேண்டாம். அது தொற்றாக இருக்கலாம். பையைப் பத்திரப்படுத்திவிட்டு உடனே டயாலிசிஸ் பிரிவை அழையுங்கள். வெள்ளை நூல் போல ஃபைப்ரின் என்ற புரதம் தெரிந்தாலும் அவர்களிடம்தான் கேட்க வேண்டும். அசைந்து பார்த்தும் வடியவில்லையா? பழையது உள்ளே இருக்கும்போதே புதுத் திரவத்தை ஏற்றவே ஏற்றாதீர்கள்.