விடிகாலையில் ஒரு டம்ளர் நல்ல தண்ணீர்: நன்றித் தியானம் பழகுவது எப்படி?

சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு கோடையில், இராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபம் என்ற ஊர்ப் பக்கம் நாங்கள் இருக்கும் தெருவுக்கு நல்ல தண்ணீர் வரும் குழாய் பதினோரு நாள் வறண்டு கிடந்தது. கிணற்றில் தண்ணீர் உண்டு, ஆனால் வாயில் வைக்க முடியாத உப்பு. குடம் 10 ரூபாய் என்று வாங்கினோம். வாங்க முடியாத நாளில் தள்ளுவண்டியில் நான்கு குடங்களை வைத்துத் தள்ளிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போனோம். பன்னிரண்டாம் நாள் விடிவதற்கு முன் குழாயில் முதலில் காற்று இரைந்தது. பிறகு தண்ணீர் கொட்டியது. கையை நீட்டியபடி அப்படியே நின்றேன். அன்று குடித்த முதல் டம்ளரின் ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது.

தண்ணீர் வந்த நான்காம் நாள் குடம் நிரம்பி வழிந்து தெருவில் ஓடியது. நான் பக்கத்திலேயே நின்று கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவ்வளவு பெரிய மகிழ்ச்சி மூன்றே நாளில் எங்கே போனது? இந்தக் கேள்விதான் என்னைத் தியானத்தில் உட்கார வைத்தது. கிடைத்த வசதி எதுவானாலும் மனம் சீக்கிரம் பழகிக்கொள்ளும், பழகிய பின் அது கண்ணிலேயே படாது. பழகிப்போன ஒன்றை மறுபடி கண்ணில் பட வைப்பதுதான் இந்தத் தியானத்தின் வேலை. புதிதாகத் தொடங்குபவர்களுக்காக, நான் செய்யும் முறையை அப்படியே எழுதுகிறேன்.

முந்தைய இரவு

தியானம் காலையில்தான் என்றாலும் முதல் வேலை இரவிலேயே தொடங்குகிறது. நாளை எந்த வசதியை நினைக்கப் போகிறீர்கள் என்று படுக்கும் முன் முடிவு செய்துவிடுங்கள். ஒன்றே ஒன்று போதும். குடும்பம், உடல்நலம், வேலை, வீடு என்று பட்டியல் போட்டு எல்லாவற்றுக்கும் நன்றி சொன்னால், கூட்டத்தில் எல்லோரையும் பார்த்துக் கும்பிடு போட்டதுபோல் ஆகிவிடும். யார் முகமும் மனதில் தங்காது.

முதல் வாரம் தண்ணீரையே எடுத்துக்கொள்ளுங்கள் என்பேன். இந்தக் கரையில் அதைவிட நல்ல ஆசிரியர் இல்லை. ஒரு சொம்பில் நல்ல தண்ணீர் எடுத்து மூடி, உட்காரப்போகும் இடத்தில் வைத்துவிடுங்கள். பக்கத்தில் ஒரு டம்ளர். கைபேசியை வேறு அறையில் வைத்துவிடுங்கள்.

உட்காருதல்

எழுந்தவுடன் உட்கார வேண்டாம். தூக்கத்தின் மந்தம் தலையில் இருக்கும். முகம் கழுவி, வாசலில் நாலு நடை நடந்துவிட்டு வாருங்கள். ஓலைப்பாயோ கோரைப்பாயோ விரித்துச் சம்மணமிட்டு உட்காரலாம். முழங்கால் வலி உள்ளவர்கள் நாற்காலியில் உட்காரலாம், சுவரில் சாய்ந்துகொண்டாலும் தவறில்லை. முதுகு நிமிர்ந்திருந்தால் போதும்.

வீடு சிறியது, ஆட்கள் நிறைய என்றால் திண்ணையில் உட்காருங்கள். அமைதியான இடம் கிடைத்தால்தான் தியானம் என்று காத்திருந்தால் அது வாய்க்கவே வாய்க்காது. முதல் வாரம் ஐந்து நிமிடம், பிறகு பத்து, பன்னிரண்டு என்று கூட்டிக்கொள்ளலாம். ஐந்தரை மணி எனக்கு ஒத்துவருகிறது. எங்கள் பக்கம் பள்ளிவாசல் பாங்கும் தேவாலய மணியும் கோயில் ஒலிபெருக்கியும் ஒன்றன்பின் ஒன்றாக வந்துவிடுவதால் கடிகாரம் வைத்ததில்லை.

மூச்சு

கண்ணை மூடிக்கொண்டு மூக்கு வழியாக நான்கு எண்ணும் வரை மூச்சை இழுங்கள். ஆறு எண்ணும் வரை மெதுவாக விடுங்கள். வெளிவிடும் மூச்சு நீண்டதாக இருக்க வேண்டும், ஏனென்றால் மூச்சை விடும்போது இதயத்துடிப்பு சற்றுக் குறைகிறது, உடலும் அதோடு தணிகிறது. இப்படிப் பத்து மூச்சு. எண்ணிக்கை தவறினால் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குங்கள். மூச்சை அடக்கிப் பிடிக்க வேண்டாம்.

எங்கள் தெருவில் பாசி எடுக்கப் போகும் அக்கா ஒருவர் இருக்கிறார். இளவயதிலிருந்தே தென்கடலில் மூழ்கிப் பாறையிலிருந்து மரிக்கொழுந்துப் பாசியைக் கையால் பறித்துச் சேர்க்கிறவர். இனிப்புகளை உறைய வைக்கும் அகர் அகர் தயாரிக்க உதவும் பாசி அது. நான் என்ன செய்கிறேன் என்று ஒருநாள் கேட்டார். மூச்சைக் கவனிக்கிறேன் என்றேன்.

"தங்கச்சி, அடியில் இருந்துவிட்டு மேலே வந்து தலையை நீட்டியவுடன் ஒரு மூச்சு வரும் பார். அதற்கு ஈடாக எதுவும் கிடையாது. அந்த மூச்சைத்தான் நீ இங்கே உட்கார்ந்து தேடுகிறாயா?" என்றார்.

அதைத்தான் தேடுகிறேன், அக்கா. அன்றிலிருந்து என் பத்தாவது மூச்சு எப்போதும் அந்த மூச்சுதான். தண்ணீருக்கடியிலிருந்து மேலே வந்ததாக நினைத்து அதை இழுக்கிறேன். நீங்களும் செய்து பாருங்கள். காற்று என்ற வசதியை ஒரு நொடியாவது உணர்வீர்கள்.

காது

ஒரு நிமிடம் சும்மா கேளுங்கள். தூரத்தில் படகு இயந்திரம் ஓடும் சத்தம், காகம், பக்கத்து வீட்டில் பாத்திரம் விழும் ஒலி, பனையோலை உரசுவது. காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று கன்னத்தில் உணருங்கள். வாடை அடித்தால் வடகடல் குமுறும், தென்கடல் பணிந்து கிடக்கும். தென்மேற்குக் காற்றான கச்சான் எழுந்தால் இது தலைகீழாகிவிடும். ஒலிகளை நல்லது கெட்டது என்று பிரிக்காமல் வர விடுங்கள்.

தண்ணீரைத் தொடுதல்

இப்போது கண் திறந்து டம்ளரில் தண்ணீர் ஊற்றுங்கள். விழும் ஒலியைக் கேளுங்கள். டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் குளிர்ச்சியை உணருங்கள். ஒரு வாய் மட்டும் எடுத்து நாக்கில் சற்று வைத்திருந்து விழுங்குங்கள். அதில் உப்பு இல்லை என்பதைக் கவனியுங்கள். இன்னொரு வாய். அவசரம் வேண்டாம், டம்ளர் காலியாக இரண்டு நிமிடமாவது ஆகட்டும்.

அது இல்லாத நாள்

தியானத்தின் இதயம் இந்தப் படிதான். மீண்டும் கண்ணை மூடிக்கொண்டு, இந்த வசதி இல்லாமல் நீங்கள் உண்மையில் கடந்த ஒரு நாளை நினைத்துப் பாருங்கள். நான் அந்தப் பதினோரு நாளில் ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். தள்ளுவண்டியின் சக்கரம் மணலில் புதைந்தது, குடத்தின் விளிம்பிலிருந்து சிந்திய ஒரு கை நீருக்கு என் நெஞ்சு பதறியது, குளிக்காமல் பள்ளிக்கூடம் போன பிள்ளைகள்.

உங்களுக்கு அப்படி ஒரு நாள் இல்லையென்றால் பெரியவர்களிடம் கேளுங்கள். என் அப்பத்தா கடற்கரை மணலில் ஊற்றுத் தோண்டி, சிரட்டையால் மொண்டு குடம் நிரப்பியவர். மழைநீர் உப்புநீரைவிட எடை குறைவு. அதனால் மணலுக்குள் கடல்நீரின் மேல் மெல்லிய படலமாக மிதந்து நிற்கும். ஆசைப்பட்டு ஆழமாகத் தோண்டினால் உப்பு ஏறிவிடும். ஊறுவதற்குக் காத்திருந்து, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் மொள்ள வேண்டும். ஒரு குடம் நிரம்ப எவ்வளவு நேரம் குனிந்திருக்க வேண்டும் என்று உங்கள் முதுகால் நினைத்துப் பாருங்கள்.

இது நானாகக் கண்டுபிடித்த வழி அன்று. டிமோதி வில்சன், டேனியல் கில்பர்ட் உள்ளிட்ட உளவியலாளர்கள் 2008-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதைச் சொல்கிறது: ஒரு நல்ல நிகழ்வு எப்படி நடந்தது என்று எழுதியவர்களைவிட, அது நடக்காமலே போயிருக்கக்கூடும் என்று எழுதியவர்களின் மனம்தான் அதிகம் மலர்ந்தது. ஆனால் இதில் ஓர் எச்சரிக்கை உண்டு. இல்லாமையை நினைப்பது இரண்டு நிமிடம் மட்டும். அதற்கு மேல் நீடித்தால் கவலையாகத் திரிந்துவிடும்.

கைகளைத் தேடிப் போகுதல்

கண் மூடியபடியே, இந்தத் தண்ணீர் வந்த வழியில் பின்னோக்கி நடங்கள். டம்ளரிலிருந்து சொம்பு, சொம்பிலிருந்து குடம், குடத்திலிருந்து தெருக்குழாய், அங்கிருந்து மேல்நிலைத் தொட்டி. இராமநாதபுரம் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் தண்ணீர் என்றால் அது திருச்சி அருகே காவிரியில் எடுக்கப்படுகிறது. 150 கிலோமீட்டருக்கும் மேல் குழாய்க்குள் பயணம் செய்து உப்புக்காற்று அடிக்கும் நம் தெருவுக்கு வந்து சேர்கிறது. அந்த வழியில் யார் யார் நிற்கிறார்கள்? வெயிலில் பள்ளம் தோண்டியவர், குழாயை இணைத்துப் பற்றவைத்தவர், இரவில் மோட்டார் அறையில் விழித்திருப்பவர், தொட்டிமேல் ஏறிக் குளோரின் போடுபவர், உடைப்பை அடைக்கச் சேற்றில் இறங்கியவர். அவசரப்படாமல் ஒவ்வொருவர் கையையும் பாருங்கள். முகம் தெரியாவிட்டாலும் கை தெரியும்.

ஜப்பானில் இஷின் யோஷிமோட்டோ உருவாக்கிய நைக்கான் என்ற தன்னாய்வு முறை மூன்று கேள்விகளால் ஆனது: இவரிடமிருந்து என்ன பெற்றேன், இவருக்கு என்ன கொடுத்தேன், இவருக்கு என்ன தொல்லை தந்தேன்? தொடங்குபவர்கள் முதல் கேள்வியோடு நிறுத்திக்கொள்ளலாம். ஒரு மாதம் பழகிய பிறகு இரண்டாவதைச் சேருங்கள். குழாயடியில் மோட்டார் இயக்குபவரைப் பார்க்கும்போது ஒரு வார்த்தை விசாரிக்கத் தோன்றுவது இந்த இரண்டாவது கேள்வியால்தான்.

சொல்லி முடித்தல்

வாய்விட்டு ஒரே வாக்கியம் சொல்லுங்கள். மந்திரம் எதுவும் தேவையில்லை. "இந்தத் தண்ணீரை எனக்குக் கொண்டுவந்தவர்களே, நன்றி" என்பது போதும். கடவுள் நம்பிக்கை உள்ளவர்கள் கடவுளிடம் சொல்லலாம், ஆனால் பள்ளம் தோண்டியவரை விட்டுவிடாதீர்கள். பிறகு மூன்று மூச்சு, கண் திறந்து எழுந்துவிடலாம்.

தொடக்கத்தில் வரும் தடைகள்

மனம் ஓடும், திரும்ப டம்ளருக்குக் கூட்டிவாருங்கள். தூக்கம் வந்தால் கண்ணைத் திறந்தபடி செய்யுங்கள். பலரும் என்னிடம் சொல்வது வேறு: "எல்லாப் படியும் செய்தேன், ஒன்றும் தோன்றவில்லை." தோன்றாமல் போகட்டும். நன்றி உணர்வைப் பிடித்து இழுத்துவர முடியாது. கவனித்தீர்கள் அல்லவா, அதுவே அன்றைய தியானம். எனக்கு முதல் ஒன்பது நாள் எதுவும் தோன்றவில்லை.

தினமும் முடியாதவர்கள் வாரம் ஒருமுறை எழுதலாம். ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லோ 2003-இல் வெளியிட்ட ஆய்வில், நன்றிக்குரியவற்றை வாரந்தோறும் ஐந்து வரை எழுதியவர்கள், தொல்லைகளை எழுதியவர்களைவிடத் தங்கள் வாழ்க்கையைப் பற்றி நல்லவிதமாக உணர்ந்தார்கள்.

ஒன்றை மட்டும் செய்யவே கூடாது. "அவனுக்கு இதுகூட இல்லை, நான் பரவாயில்லை" என்று அடுத்தவர் வறுமைமேல் ஏறி நின்று நிம்மதி தேடாதீர்கள். அது நன்றியே இல்லை. நன்றி சொல்லிக்கொண்டே குழாய் உடைப்புக்கு மனுக் கொடுக்கவும் செய்யலாம். நான் அப்படித்தான் செய்தேன்.

கடலுக்குப் போனவர் திரும்பவில்லை, தகவல் வரவில்லை என்ற காலையில் இதைச் செய்ய வேண்டாம். மூச்சு மட்டும் போதும், அதுவும் முடியாவிட்டால் யாருடனாவது சேர்ந்து உட்கார்ந்திருங்கள். துக்கம் வாரக்கணக்கில் அழுத்தினால் மருத்துவரைப் பாருங்கள். அரசின் மனநல உதவி அழைப்பான டெலி மானஸ் எண் 14416-இல் பேசலாம்.

இரண்டாம் வாரத்துக்கு

தண்ணீருக்குப் பிறகு எதை எடுக்கலாம் என்று கேட்பவர்களுக்கு என் தேர்வுகள். உப்பு: மாரியூர், வாலிநோக்கம் உப்பளங்களில் வாரும் கைகளிலிருந்து உங்கள் கஞ்சி வரை. கருப்பட்டி: பனையேறியவரின் மார்பில் தேய்ந்த தழும்பிலிருந்து காபி டம்ளர் வரை. மின்விசிறி: மின்வெட்டு இரவில் வியர்த்துப் படுத்திருந்தது நினைவிருக்கும்.

இராமேசுவரம் தீவில் இருப்பவர்கள் பாலத்தை எடுத்துக்கொள்ளலாம். 1914-இல் ரயில் பாலம் வந்தது. 1988-இல் சாலைப் பாலம் திறக்கும் வரை தீவிலிருந்து வெளியே போக ரயிலை விட்டால் படகுதான். நள்ளிரவில் பிரசவ வலி எடுத்தவர்களை நினைத்துப் பாருங்கள். 2022 டிசம்பரில் பழைய பாலத்தில் ரயில் போக்குவரத்து நின்றுபோனது, 2025 ஏப்ரலில் புதிய பாலம் திறந்த பிறகுதான் தீவுக்கு மறுபடி ரயில் வந்தது. இல்லாத நாளும் மீண்டும் வந்த நாளும் உங்கள் நினைவிலேயே இருக்கின்றன, தேடிப் போக வேண்டியதில்லை.

பாசி எடுக்கும் அக்கா இப்போது வண்டியில் கடலுக்குப் போகும் வழியிலேயே செய்கிறாராம். அவர் எடுத்துக்கொண்டது செருப்பு. பாறையில் காலைக் கிழிக்காமல் நடக்க விடும் அந்த ரப்பர் செருப்பை மடியில் வைத்துக்கொண்டு, இறங்கும் இடம் வரும் வரை கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறார்.