டெங்கு சீசன்ல நம்ம டெல்டா பக்கம் பண்ற தப்புங்க

நம்ம பக்கம் கொசுன்னா உடனே சாக்கடையதான் கை காட்டுவோம். அதுக்கு காரணமும் இருக்கு, கும்பகோணம் பக்கம் ரொம்ப காலமா யானைக்கால் வியாதி இருந்துச்சு, அத பரப்புற க்யூலெக்ஸ் கொசு அழுக்குத் தண்ணில வளரும், ராத்திரில கடிக்கும், அதனால சாக்கடைய மூடி ராத்திரி வலை கட்டுனா போதும்னு அப்பாயி காலத்துலேர்ந்தே மனசுல பதிஞ்சுபோச்சு. டெங்கு, சிக்குன்குனியா பரப்புற ஏடிஸ் கொசு அப்படி இல்லைங்க. அதுக்கு வேண்டியது நாம புடிச்சு வச்ச நல்ல தண்ணி. கடிக்கிறது பகல்ல, அதுவும் காலைலயும் பொழுது சாயறதுக்கு முன்னாடியும்தான் ஜாஸ்தி. பகல்ல தூளில தூங்குற குழந்தைக்கு வலை போடாம விடுறோம் பாருங்க, அது பெரிய தப்பு.

எங்க தெருவுல குழாய்த் தண்ணி ரெண்டு நாளைக்கு ஒருக்காதான் வரும், அண்டா, டிரம்முன்னு எல்லாத்துலயும் புடிச்சு வச்சிருப்போம். ஐப்பசி மழை விட்ட ஒருநாள் டிரம்முக்குள்ள டார்ச் அடிச்சு பாத்தா பொடிப்பொடியா புழு, தட்டுனதும் நெளிஞ்சு அடிக்கு ஓடுது, செத்த நேரத்துல மூச்சு வாங்க மேல வருது. இத்தனைக்கும் வாராவாரம் தண்ணிய கொட்டி அலசிகிட்டுதான் இருந்தோம்! அலசுனா பத்தாதாம். ஏடிஸ் முட்டை தண்ணி மட்டத்துக்கு கொஞ்சம் மேல உள்சுவத்துல ஒட்டிக்கும், காஞ்சு கெடந்தாலும் மாசக்கணக்குல சாகாது, மறுபடி தண்ணி ஏறுனா பொரிச்சிடும், அப்பறம் ஏழெட்டு நாள்ல கொசுவா பறந்துடும். அதனால தேங்கா நார் வச்சு உள்பக்கம் சுத்தி அழுத்தித் தேய்ங்க, வாய்ல பழைய வேட்டித்துணிய இடுக்கு இல்லாம கட்டுங்க. பலகைய சாச்சு வச்சா பத்தாது.

அப்பறம் ஃபிரிட்ஜுக்குப் பின்னாடி தட்டு, கொல்லைல கெடக்குற ஆட்டுக்கல்லு குழி, கொட்டாங்குச்சி, டயர் எல்லாம் பாருங்க. தொட்டில மருந்து ஊத்த வர்றவங்கள குடிக்கிற தண்ணின்னு சொல்லி திருப்பி அனுப்பாதீங்க, அளவா ஊத்துனா குடிதண்ணிக்கு ஒன்னும் ஆகாது. புகை மருந்து அடிச்சாச்சுன்னு சும்மா இருக்கவும் கூடாது, அதுல பறக்குற கொசுதான் சாகும், புழு அப்படியேதான் இருக்கும்.

காய்ச்சல் வந்தா மெடிக்கல்ல வலி மாத்திரை கேட்டு வாங்காதீங்க. ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் எல்லாம் டெங்குல ரத்தக்கசிவ கூட்டிடும். டாக்டர் சொல்ற அளவுக்கு பாராசிட்டமால் மட்டும் போதும். நிலவேம்பு குடிக்கிறோம்ங்கிற தைரியத்துல ஆஸ்பத்திரிக்கு போகாம இருந்துடாதீங்க.

எங்க அக்கா பையனுக்கு நாலாம் நாள் காய்ச்சல் விட்டுச்சு. அப்பாடான்னு ரசஞ்சாதம் ஊட்டி தூங்க வச்சோம், ராத்திரியே வயித்து வலி, நிக்காத வாந்தி, கை கால் சில்லுன்னு ஆயிடுச்சு. டெங்குல காய்ச்சல் விட்டதுக்கு அப்பறம் வர்ற ஒன்னு ரெண்டு நாள்தான் ஆபத்தாம், ரத்தக்குழாய்லேர்ந்து நீர் கசியறது அப்பதானாம், இது எங்களுக்கு அதுக்கு முன்னாடி தெரியாது. பல் ஈறுல ரத்தம், அசந்து அசந்து படுக்கிறது, இதெல்லாம் பாத்தாலும் விடியட்டும்னு காத்திருக்காதீங்க. ஆஸ்பத்திரில டிரிப் ஏத்தி பையன் பொழைச்சுகிட்டான். அன்னைக்கு டாக்டர் மொதல்ல கேட்டது, கடைசியா எப்ப ஒன்னுக்கு போனான்னுதான். அக்காவுக்கும் தெரியல, எனக்கும் தெரியல. இப்பல்லாம் வீட்ல யாருக்கு காய்ச்சல்னாலும் காலண்டர்லயே எழுதி வைக்கிறோம், எத்தனை டம்ளர் கஞ்சி குடிச்சாங்க, எத்தனை மணிக்கு ஒன்னுக்கு போனாங்கன்னு.