வெளியே நிற்கும் அன்ரனாவின் கொனெக்டர்: மாரிக்கு முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு கார்த்திகை மாதம், இரண்டு நாள் விடாத மழைக்குப் பிறகு, வேதாரணியம் பக்கத்து நண்பரின் குரல் பேசவும் கேட்கவும் நான் வைத்திருக்கும் வானொலியில் இரைச்சலுக்குள் அமிழ்ந்துவிட்டது. அனுப்பும் சக்தியில் எவ்வளவு அன்ரனாவில் தெறித்துத் திரும்புகிறது என்று காட்டும் எஸ்டபிள்யூஆர் மானியைப் பார்த்தேன். எதுவும் திரும்பாவிட்டால் அது 1 என்று காட்டும். 1.2 என்று காட்டியது. முன்பைவிட நல்ல அளவு! கோளாறு அவர் பக்கம்தான் என்று நம்பி மூன்று வாரம் விட்டுவிட்டேன். பிறகு ஒரு நாள் மேசையில் இருந்த கருவியின் பின்புறத்தில் கேபிள் வந்து சேரும் கொனெக்டரைக் கழற்றினேன். நடு ஊசியின் நுனியில் ஒரு துளி தண்ணீர் திரண்டு மேசையில் விழுந்தது. கூரைக்கு மேலே, 25 மீற்றர் தூரத்தில் புகுந்த மழை, கேபிளுக்குள்ளேயே நடந்து வீட்டுக்குள் வந்திருந்தது.

மானி சொன்னதை நம்பியதுதான் என் முதல் தவறு. நனைந்த கேபிள் சக்தியைத் தின்கிறது. அன்ரனாவுக்குப் போகும்போதும் தின்கிறது. அங்கிருந்து தெறித்துத் திரும்பும்போதும் தின்கிறது. திரும்பி வருவது குறைந்தால் மானிக்கு எல்லாம் நலமாகத் தெரியும். 10 டெசிபல் இழப்புள்ள, அதாவது சக்தியில் பத்தில் ஒரு பங்கை மட்டுமே கடத்தும் கேபிளின் மறுமுனையில் அன்ரனாவே இல்லாவிட்டாலும், மானி ஏறத்தாழ 1.2 என்றுதான் காட்டும். மழைக்குப் பிறகு அளவு திடீரென்று நல்லதாக மாறினால் மகிழ வேண்டாம். மேலே ஏறிப் பாருங்கள்.

தண்ணீர் எப்படிப் புகுகிறது என்பது விளங்கினால் மற்றத் தவறுகள் தாமாகவே புரியும். பகல் வெயிலில் கொனெக்டருக்குள் இருக்கும் காற்று சூடாகி விரிந்து வெளியேறுகிறது. மழை அடித்ததும் உலோகம் சட்டென்று குளிர்கிறது. உள்ளே காற்று சுருங்கி, விளிம்பில் நிற்கும் நீரை உறிஞ்சிக்கொள்கிறது. உள்ளே போன நீரை வலைப்பின்னலாக இருக்கும் செப்புக் கம்பிகள், விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல இழுத்துச் செல்கின்றன. ஒரு பொருள் மின்புலத்தில் எவ்வளவு மின்னாற்றலைத் தேக்கும் என்பதைச் சொல்லும் மின்காப்பு மாறிலி, கேபிளின் நடுவிலுள்ள பொலித்தீனுக்கு ஏறத்தாழ 2.3, நீருக்கு அது ஏறத்தாழ 80. சிறிது ஈரமே கேபிளின் குணத்தை மாற்றிவிடுகிறது. யாழ்ப்பாணத்திலோ வெறும் மழைநீர் மட்டும் இல்லை. கடலும் களப்பும் சூழ்ந்த குடாநாட்டில் சோளகக் காற்று மாதக்கணக்கில் உப்பைக் கொண்டுவந்து கொனெக்டர்களில் பூசிவிட்டுப் போகிறது. மாரி மழை அந்த உப்பைக் கரைத்து உள்ளே அனுப்புகிறது.

இனி, பலரும் செய்வது. பிஎல்-259 கொனெக்டரைத் திருகிவிட்டு, கடைகளில் இன்சுலேஷன் ரேப் என்று விற்கும் பிவிசி நாடாவை மட்டும் நாலு சுற்றுச் சுற்றி இறங்கிவிடுவது. இந்தக் கொனெக்டர் 1930களில் வந்தது. நீர் புகாமல் தடுக்க அதில் எதுவும் இல்லை. இன்னொரு ரகமான என்-வகைக் கொனெக்டருக்குள் ரப்பர் வளையம் உண்டு. ஆனாலும் அதையும் நான் மூடாமல் விடுவதில்லை. பிவிசி நாடாவின் பசை நம்மூர் வெயிலில் இளகி வழியும். நாடா நெகிழ்ந்து வாய் பிளக்கும். அது தனியே நின்று நீரைத் தடுக்காது. நீரைத் தடுப்பது, தன்னோடு தானே ஒட்டி ஒரே ரப்பராகிவிடும் நாடா. அதில் பசை கிடையாது. அகலம் கண்ணுக்குத் தெரியக் குறுகும்வரை இழுத்து, ஒவ்வொரு சுற்றும் முந்திய சுற்றில் பாதியை மூடும்படி சுற்ற வேண்டும். இழுக்காமல் சுற்றினால் அது ஒட்டுவதே இல்லை. பலர் இதை வாங்கியும் ஏமாறுவது இங்கேதான். இந்த ரப்பரை வெயில் அரித்துவிடக்கூடும் என்பதால் அதன் மேல் கறுப்பு பிவிசி நாடா இரண்டு அடுக்கு வர வேண்டும். அடுத்த முறை கழற்ற நேரும்போது கத்தியோடு போராடாமலிருக்க, ரப்பருக்கு அடியில் கொனெக்டரின் மேல் ஒரு மெல்லிய பிவிசி சுற்றும் போட்டுவிடுங்கள். ரப்பர் அந்தச் சுற்றைத் தாண்டி, இரு பக்கமும் கேபிளின் தோலை ஐந்து சென்ரிமீற்றராவது நேரடியாகப் பிடிக்க வேண்டும்.

சுற்றும் திசையை யாரும் கவனிப்பதில்லை. கிடுகு வேய்பவர் தாழ்வாரத்தில் தொடங்கி முகடு நோக்கிப் போவார். மேல் கிடுகு கீழ்க் கிடுகின் மேல் படிந்தால்தான் மழை வழிந்தோடும். கடைசி அடுக்கு நாடாவுக்கும் அதே கணக்கு: கீழிருந்து மேலே. மேலிருந்து கீழே சுற்றினால் ஒவ்வொரு விளிம்பும் தண்ணீரை ஏந்தும் கிண்ணம். முடிக்கும் இடத்தில் நாடாவைக் கையால் இழுத்து அறுக்காதீர்கள். இழுபட்ட நுனி பிறகு சுருங்கி எழும்பும். கடைசிச் சுற்றை இழுக்காமல் படியவைத்துக் கத்தியால் வெட்டுங்கள்.

சிலிக்கோன் பற்றி ஒரு வார்த்தை. குழாயைத் திறந்ததும் வினாகிரி மணம் அடித்தால் அதைக் கொனெக்டர் அருகே கொண்டுபோகாதீர்கள். இறுகும்போது அது விடும் அசற்றிக் அமிலம் செம்பையும் பித்தளையையும் அரிக்கும். மணமில்லாத நடுநிலை வகையும் சந்தையில் உண்டு. என்னிடம் கேட்டால், நாடா ஒழுங்காகச் சுற்றப்பட்டிருந்தால் சிலிக்கோனே தேவையில்லை.

ஈரத்தை உள்ளே வைத்து மூடுவதும் நடக்கிறது. மழை ஓய்ந்த மறுநாள் காலை, பனி படிந்த கொனெக்டரைத் துடைத்துவிட்டுச் சுற்றினால், உள்ளே இருக்கும் ஈரம் வெளியேற வழியில்லை. ஆடி, ஆவணியில், வெயில் ஏறிய பிறகு, ஐசோபுரொப்பைல் அல்ககோலால் உப்பையும் கைவியர்வையையும் துடைத்து, திருகு இறுக்கமா என்று பார்த்து, ஒரு முறை பேசிச் சோதித்துவிட்டுச் சுற்றுங்கள். தளர்ந்த திருகை நாடா பிடித்துவைக்காது. சோடா போத்தலை வெட்டிக் கவிழ்ப்பதும், பொலித்தீன் பையைக் கட்டுவதும் உள்ளே வியர்த்துப் படியும் நீரைச் சேர்த்துவைக்கும் வேலை. இரு பக்கமும் கம்பி நீளும் இருமுனை (டைபோல்) அன்ரனாவின் நடுவில், கேபிள் சேரும் இடத்தில் பெட்டி வைத்தால் அதன் அடியில் ஒரு சிறு துளை விடுங்கள். கேபிள் சுவருக்குள் நுழையுமுன் ஒரு முறை கீழே தொங்கி வளைந்து மேலேறட்டும். வெளித்தோலில் ஓடும் நீர் அந்த வளைவில் சொட்டிவிடும்.

நனைந்த கேபிளை வெயிலில் காயவைத்துத் திரும்பப் பயன்படுத்தலாம் என்று நினைக்காதீர்கள். நான் அன்று கேபிளின் தோலைக் கீறிப் பார்த்தேன். பளபளக்க வேண்டிய செப்புப் பின்னல், புளி காணாத செம்புக் குடம்போலக் கறுத்து, இடையிடையே பச்சைக் களிம்பு பூத்திருந்தது. ஒரு மீற்றர் வெட்டினேன், கறுப்பு. இன்னும் இரண்டு மீற்றர் வெட்டினேன், அப்போதும் கறுப்பு. 25 மீற்றரையும் சுருட்டி ஓரமாக வைத்துவிட்டுப் புதுக் கேபிள் வாங்கக் கடைக்குப் போனேன்.