டிஜிட்டல் ரேஞ்ச்ஃபைண்டருக்கு வைட் லென்ஸ்: முதலில் பாடியைப் பாருங்கள், அப்புறம் லென்ஸ்

லென்ஸ் வழியாக இல்லாமல் தனி ஜன்னல் வழியாகப் பார்த்து எடுக்கும் கேமராதான் ரேஞ்ச்ஃபைண்டர். செகண்ட் ஹேண்டில் அப்படி ஒரு லைக்கா எம்8 அல்லது எம்9, இல்லையென்றால் பழைய எப்சன் ஆர்-டி1 உங்கள் கைக்கு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கூடவே ஒரு 50 மி.மீ. லென்ஸ். அதை மாட்டிக்கொண்டு வேலூர்க் கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்தில் நின்றால், குதிரை வீரன் தூண் ஒன்று மட்டும்தான் படத்தில் அடங்கும். பின்னால் நகர இடமில்லை. வைட் லென்ஸ் வேண்டும் என்று அங்கேயே தெரிந்துவிடும்.

புதிதாக வருகிறவர்கள் உடனே கேட்பது, "21 மி.மீ. வாங்கலாமா, 15 வாங்கலாமா?" என்றுதான். எண் குறையக் குறையப் படம் அகலமாகும். ஆனால் எதை வாங்குவது என்பது கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி. ரேஞ்ச்ஃபைண்டரில் எந்த வைட் லென்ஸ் ஒத்துவரும் என்பதில் பாதிக்கு மேல் உங்கள் கேமரா பாடியே முடிவு செய்துவிடுகிறது. அதனால் அங்கிருந்தே தொடங்குவோம்.

படி 1: சென்சார் அளவைத் தெரிந்துகொள்ளுங்கள்

2004-இல் வந்த எப்சன் ஆர்-டி1-இல் இருப்பது ஏபிஎஸ்-சி சென்சார், 35 மி.மீ. ஃபிலிம் சட்டத்தைவிடச் சிறியது; படத்தின் நடுப்பகுதியை மட்டும்தான் எடுக்கும். அதனால் லென்ஸின் மி.மீ. எண்ணை ஏறக்குறைய 1.5-ஆல் பெருக்க வேண்டும். 2006-இல் வந்த எம்8-க்கு 1.33. 2009-இல் வந்த எம்9-இலிருந்து லைக்கா எம் வரிசை ஃபுல் ஃப்ரேம், அதாவது சென்சார் அந்த ஃபிலிம் சட்டத்தின் அளவு. பெருக்கல் எதுவும் வேண்டாம்.

ஆக, அதே 28 மி.மீ. லென்ஸ் எம்9-இல் உண்மையான வைட். எம்8-இல் 37 போல, ஆர்-டி1-இல் 43 போல ஆகிவிடும். ஆர்-டி1 வைத்திருப்பவர் 28 வாங்கினால் அவருக்குக் கிடைப்பது நார்மல் லென்ஸ்தான்.

படி 2: ஃபைண்டரில் எது வரை கோடு தெரிகிறது?

இதை யாரும் முதலில் யோசிப்பதில்லை. தினமும் கேமராவைப் பயன்படுத்தும்போது கையைக் கட்டிப்போடுவது இதுதான்.

ரேஞ்ச்ஃபைண்டரில் லென்ஸ் வழியாக நாம் பார்ப்பதில்லை. தனி ஜன்னலில், வெள்ளைக் கோடுகளுக்குள் படத்தை அமைக்கிறோம். எம்9, எம்10, எம்11 எல்லாவற்றிலும் கடைசிக் கோடு 28 மி.மீ. எம்8-இல் 24. ஆர்-டி1-இல் 28. அதைத் தாண்டிய லென்ஸுக்கு ஃப்ளாஷ் மாட்டும் இடத்தில் தனி ஃபைண்டர் ஒன்றைச் செருக வேண்டும். ஒரு ஜன்னலில் போகஸ், இன்னொரு ஜன்னலில் ஃப்ரேம். பக்கத்தில் இருக்கும் பொருளை எடுக்கும்போது இரண்டும் கொஞ்சம் விலகியும் காட்டும். வேலூர் லாங் பஜாரில் கூட்டத்துக்கு நடுவே நின்று இப்படி இரண்டு ஜன்னல் மாற்றி மாற்றிப் பார்ப்பது பழகியவருக்கே சிரமம்.

கண்ணாடி போடுபவர்களுக்கு இன்னொரு விஷயம். 28 கோடு ஜன்னலின் விளிம்பிலேயே ஓடுவதால் ஒரே பார்வையில் முழுதாகத் தெரியாது. வாங்கும் முன் உங்கள் கண்ணாடியோடு பார்த்துவிடுங்கள். அது தொந்தரவாக இருந்தால் 35-ஓடு நிறுத்திக்கொள்வதில் குறையே இல்லை.

எம்9-க்கு அடுத்து வந்த எம் டைப் 240-இலும், அதற்கு அப்புறம் வந்தவற்றில் பெரும்பாலானவற்றிலும் லைவ் வியூ உண்டு. பின்பக்கத் திரையிலேயே ஃப்ரேம் பார்க்கலாம். எம்8, எம்9-இல் அது கிடையாது.

படி 3: காசு செலவழிக்காமல் ஒரு வாரம் நடந்து பாருங்கள்

பெரும்பாலான போன்களின் சாதாரண 1எக்ஸ் கேமரா 24 முதல் 28 மி.மீ.க்குள் இருக்கும். அல்ட்ரா வைட் 13 முதல் 16-க்குள். போன் படம் 4:3, நம் கேமரா படம் 3:2 என்பதால் துல்லியமாகப் பொருந்தாது; ஆனாலும் கண்ணுக்குப் பழக இது போதும்.

போனை எடுத்துக்கொண்டு கோட்டைக்குப் போங்கள். அகழிக் கரையில் நின்று மதிலை எடுங்கள். அல்ட்ரா வைடில் தண்ணீரும் வானமும் நிறைய வரும், நடுவில் மதில் மெல்லிய பட்டையாகச் சுருங்கிக் கிடக்கும். அதே இடத்தில் 1எக்ஸில் மதிலின் கருங்கல் வரிசை தெரியும். எல்லாவற்றையும் படத்துக்குள் அடைப்பதற்கு என்று நினைத்து வைட் வாங்கினால் இந்த மெல்லிய பட்டைதான் மிஞ்சும். ஏதாவது ஒன்றுக்கு மிக அருகில் போய் நின்று, அதன் பின்னால் இடம் விரிவதைக் காட்டுவதுதான் வைட் லென்ஸின் வேலை.

கோபுரத்தின் அடியில் நின்று போனை மேலே தூக்கியும் ஒரு படம் எடுங்கள். கோபுரம் பின்னால் சாயும். எத்தனைக்கு எத்தனை அகலமோ அத்தனைக்கு இந்தச் சாய்வு கூடும். பிறகு நண்பர்கள் நான்கு பேரை வரிசையாக நிறுத்தி அல்ட்ரா வைடில் எடுங்கள். ஓரத்தில் நிற்பவர் முகம் இழுபட்டிருக்கும். விசேஷ வீடுகளில் படம் எடுக்கப் போகிறவர் 21 வாங்கும் முன் இதைக் கண்டிப்பாகப் பார்க்க வேண்டும்.

படி 4: ஓரத்து நிறம்

இங்கே நிதானமாகப் படியுங்கள். ஃபிலிமில் அருமையாக இருந்த லென்ஸ் டிஜிட்டலில் ஏன் கெட்ட பெயர் வாங்குகிறது என்பதற்குக் காரணம் இதில்தான் இருக்கிறது.

எஸ்எல்ஆர் கேமராவில் இருப்பது போல, மேலும் கீழும் அசையும் பிரதிபலிப்புக் கண்ணாடி ரேஞ்ச்ஃபைண்டருக்குள் கிடையாது. அதனால் வைட் லென்ஸின் கடைசிக் கண்ணாடியை ஃபிலிமுக்கு மிக அருகே கொண்டுவந்து, சிறியதாகவும் நேர்க்கோடு வளையாமலும் செய்ய முடிந்தது. ஃபிலிமுக்கு ஒளி எந்தச் சாய்வில் வந்தாலும் பெரிய வித்தியாசமில்லை. சென்சாருக்கு உண்டு. ஓரங்களில் சாய்ந்து விழும் ஒளி, சென்சாரின் மேல் இருக்கும் கண்ணாடியில் கூடுதல் தூரம் கடக்கிறது. சாய்வாக அடிக்கும் சாரல் திண்ணைக்குள் புகுவது போலப் பக்கத்துப் பிக்சலுக்குள்ளும் சிந்துகிறது. விளைவு: படத்தின் ஓரம் இருண்டு, ஒரு பக்கமோ இரு பக்கமுமோ ரோஜா நிறமோ பச்சையோ ஏறிவிடும்.

ஃபுல் ஃப்ரேம் எம்9-இல் இது நன்றாகவே தெரியும். ஸைஸ் சி பயோகான் 21 மி.மீ. எஃப்/4.5 கோடு வளையாத அற்புதமான லென்ஸ். ஆனால் எம்9-இல் கலர் படத்துக்கு நான் அதைச் சொல்லமாட்டேன். ஃபாய்க்ட்லேண்டர் 15 மி.மீ. ஹீலியார் முதலில் வந்தது 1999-இல், ஃபிலிமுக்காக. 2015-இல் வந்த மூன்றாம் பதிப்பை டிஜிட்டலை மனதில் வைத்து மாற்றி வடிவமைத்தார்கள். பெயர் ஒன்றுதான் என்றாலும், சென்சாரில் நடந்துகொள்ளும் விதம் வேறு. விளம்பரத்தில் 15 மி.மீ. ஹீலியார் என்று மட்டும் போட்டிருந்தால் எந்தப் பதிப்பு என்று கேட்காமல் பணம் கொடுக்காதீர்கள். ஆர்-டி1-இல் சென்சார் சிறியது, மோசமான ஓரம் தானாகவே வெட்டுப்பட்டுவிடும். அதனால் பழைய 15 கூட அங்கே ஓரளவு நிம்மதியாக ஓடும்.

இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. லென்ஸை மாட்டி, இன்ஃபினிட்டியில் (மிகத் தொலைவு போகஸில்) வைத்து, எஃப்/8-இல், முன்பக்கத்தில் மெல்லிய வெள்ளைத் தாளை ஒட்டினாற்போல் பிடித்து, சூரியன் இல்லாத பக்கத்து வானத்தை நோக்கி ஒரு படம் எடுங்கள். திரையில் இடது ஓரம், நடு, வலது ஓரம் மூன்றையும் பாருங்கள். ஓரம் இருண்டிருப்பது பரவாயில்லை, எளிதில் சரிசெய்யலாம். நிறம் மாறியிருந்தால்தான் யோசிக்க வேண்டும். படம் திருத்தும் மென்பொருளான லைட்ரூமில் ஃப்ளாட் ஃபீல்ட் திருத்தம் இருக்கிறது. இதே தாள் படத்தை அதற்கு மாதிரியாகக் கொடுக்கலாம். கருப்பு வெள்ளை மட்டும் எடுப்பவருக்கு இந்தப் பிரச்சினையே இல்லை என்று சொல்லலாம்.

எம்8 வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. அந்தச் சென்சார் அகச்சிவப்பு ஒளியையும் உள்ளே விடுகிறது. செயற்கை இழைக் கருப்புத் துணி ஊதா கலந்து தெரியும். கல்யாண ரிசப்ஷனில் மாப்பிள்ளை கோட்டில் பளிச்சென்று காட்டிவிடும். இதற்கு யூவி/ஐஆர் கட் ஃபில்டர் மாட்ட வேண்டும். வைட் லென்ஸில் அந்த ஃபில்டரே மூலைகளில் நீலப்பச்சை ஏற்றும். லென்ஸின் மவுண்டில் 6-பிட் குறியீடு (கருப்பு வெள்ளை அடையாளங்கள்) இருந்தால் கேமரா லென்ஸை அடையாளம் கண்டு அதைத் திருத்திக்கொள்ளும். எம்9-இல் மெனுவிலேயே லென்ஸைத் தேர்ந்தெடுக்கலாம். எம்8-இல் அந்த வசதி இல்லை. ஆகவே எம்8-க்கு வாங்கும் வைடில் இந்தக் குறியீடு இருக்கிறதா என்று பாருங்கள்.

படி 5: போகஸ்

ரேஞ்ச்ஃபைண்டரில் ஜன்னலுக்குள் தெரியும் இரண்டு உருவங்களை ஒன்றாகச் சேர்த்து போகஸ் செய்கிறோம். பழைய திருகு மவுண்ட் 15 மி.மீ. ஹீலியாரில் அதற்கான இணைப்பே கிடையாது. தூரத்தை மதிப்பிட்டு வைக்க வேண்டும். வைடில் அது சாத்தியம்தான். 28 மி.மீ., எஃப்/8, போகஸ் 3.3 மீட்டர் என்று வைத்தால் சுமார் 1.7 மீட்டரிலிருந்து மலை வரை தெளிவு. 21 மி.மீ. என்றால் 1.9 மீட்டரில் வைத்தால் சுமார் 1 மீட்டரிலிருந்து எல்லாம் தெளிவு. இவை ஃபிலிம் காலத்துக் கணக்கு. டிஜிட்டலில் பெரிதாக்கிப் பார்ப்பவர் லென்ஸை எஃப்/8-இல் வைத்துக்கொண்டு அதன் மேல் தெளிவின் எல்லையைக் காட்டும் எஃப்/5.6 குறிகளுக்குள் இருப்பதை மட்டும் நம்புங்கள்.

படி 6: எஃப்/1.4 வேண்டுமா?

வேண்டாம். அவ்வளவு ஒளியை உள்ளே விடும் பெரிய லென்ஸ் ஃபைண்டரின் கீழ் மூலையை மறைக்கும், எடையும் விலையும் கூடும். எஃப்/2.8 போதும். பகலில் மட்டும் எடுப்பவருக்கு எஃப்/4-உம் போதும். கண்ணாடி அடிக்கும் அதிர்வு இல்லாததால், மூச்சைப் பிடித்து நின்றால் 28-இல் 1/15 நொடியிலும் மண்டபத்துக்குள் தெளிவான படம் கிடைக்கும். கோட்டை போன்ற தொல்லியல் துறை இடங்களில் முக்காலிக்கு அனுமதி வாங்க வேண்டும் என்பதால் இந்தப் பழக்கம் கைகொடுக்கும். கோயிலுக்குள் எங்கெல்லாம் படம் எடுக்கலாம் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 7: எதை வாங்குவது

ஃபுல் ஃப்ரேம் எம் என்றால் 28 மி.மீ. எஃப்/2.8. லைக்கா எல்மாரிட், ஸைஸ் பயோகான் இரண்டில் எது கைக்கு எட்டுகிறதோ அது. எம்8 என்றால் 24 அல்லது 25. 33 போல வரும், ஃபைண்டரில் இருக்கும் 24 மி.மீ. கோடுகளையே வைத்துக்கொள்ளலாம். ஆர்-டி1 என்றால் ஃபாய்க்ட்லேண்டர் 21 மி.மீ. எஃப்/4, கூடவே ஒரு வெளி ஃபைண்டர். 15-உம் 12-உம் இரண்டாவது லென்ஸாக வரட்டும்.

வாங்கியதும் இரண்டு சோதனை. கோட்டைக்கு எதிரே தெரியும் மலை உச்சியைப் பாருங்கள். லென்ஸ் இன்ஃபினிட்டியில் முட்டி நிற்கும்போது ஃபைண்டரின் இரண்டு உருவமும் ஒன்றாகச் சேர வேண்டும். சேராவிட்டால் கோளாறு பாடியிலா லென்ஸிலா என்று அறிய உங்கள் 50-ஐ மாட்டி அதே உச்சியைப் பாருங்கள். அதிலும் சேரவில்லை என்றால் பாடியைத்தான் சரிசெய்யக் கொடுக்க வேண்டும். அடுத்தது விரிஞ்சிபுரம். கோயில் மதிலழகுக்குப் பெயர் போன ஊர். அந்த நீண்ட மதிலுக்கு நேராக நின்று, அதன் மேல் விளிம்பு படத்தின் மேல் ஓரத்தை ஒட்டி வரும்படி ஒரு படம் எடுங்கள். கோடு நடுவில் எவ்வளவு புடைக்கிறது, இரு முனைகளும் ஒரே தெளிவில் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒரு முனை மட்டும் மங்கினால் முதலில் நீங்கள் நேராகத்தான் நின்றீர்களா என்று மறுபடி எடுத்துப் பாருங்கள். அப்போதும் அதே முனை மங்கினால் உள்ளே ஒரு கண்ணாடி நகர்ந்திருக்கிறது. திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் கொடுத்துவிடுங்கள்.