டெல்டா நாய்க்குச் சட்டை: எப்போது போடுவது, எந்தத் துணி, என்ன அளவு

கடைகளில் நாய்க்கென்று தொங்கும் உடுப்புகளில் முக்கால்வாசி குளிர்ப் பிரதேசத்துக்குத் தைத்தவை. உள்ளே புசுபுசுவென்று ஃபிளீஸ், மேலே தொப்பி, வயிற்றில் இறுக்கமான எலாஸ்டிக். ஊட்டி நாய்க்கு அது சரி. தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறை, நாகப்பட்டினம் பக்கமெல்லாம் மார்கழிப் பனியிலும் விடிகாலை வெப்பம் 20 டிகிரியை ஒட்டித்தான் இறங்கும். இங்கே நாயைப் படுத்துவது பெரும்பாலும் ஈரம்: ஐப்பசி கார்த்திகை மழை, வயல் சேறு, கடற்கரைப் புழுக்கம், இரண்டு நாளாகியும் காயாத துணி. ஆகவே, உடுப்பைக் கையில் எடுத்ததும் அது எவ்வளவு சீக்கிரம் காயும் என்று பாருங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

நல்ல உடம்போடு இருக்கும் வளர்ந்த நாட்டு நாய்க்கு வருஷத்தில் பெரும்பாலான நாள் எதுவும் வேண்டாம். அதன் ரோமமே சட்டை. உடுப்பு தேவைப்படுவது சிலருக்குத்தான்: ஆபரேஷன் ஆன நாய், சொறியில் முடி கொட்டிய நாய், மூட்டுவலி உள்ள கிழட்டு நாய், ரோமம் குட்டையாகவும் உடம்பு ஒல்லியாகவும் இருக்கும் சிப்பிப்பாறை, கன்னி வகை நாய்கள், மழையிலும் வெளியே போய்த்தான் ஆகவேண்டிய வீட்டு நாய். போட்டோவுக்காகப் பட்டுச் சட்டை போடுவதானால் பத்து நிமிஷத்தில் கழற்றிவிடுங்கள். நாய்க்கு வியர்வை பாதத்தில்தான். உடம்புச் சூட்டை மூச்சிரைத்தே இறக்குகிறது. அதன் இயல்பான சூடே 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். அதன்மேல் ஒரு பாலியஸ்டர் பையை மாட்டினால் என்ன ஆகும் என்று யோசித்தாலே போதும்.

அளவு எடுப்பது

தையல்காரர் டேப் ஒன்று போதும். இல்லையென்றால் சணல் கயிற்றால் அளந்து ஸ்கேலில் வைத்துப் பார்க்கலாம். நாய் நான்கு காலிலும் நேராக நிற்க வேண்டும். உட்கார்ந்த நாயை அளந்தால் முதுகு வளைந்து நீளம் தப்பாக வரும். சட்டை மாட்டியபின் வால் மேல் ஏறி நிற்கும்.

மூன்று அளவு வேண்டும். பெல்ட் தங்கும் இடத்தில் கழுத்துச் சுற்றளவு. முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், விலா அகன்றிருக்கும் இடத்தில் மார்புச் சுற்றளவு. கழுத்தடியிலிருந்து வால் முளைக்கும் இடம் வரை முதுகு நீளம். இவற்றில் மார்பளவுதான் தலைமை. மற்றது கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் சமாளிக்கலாம். எஸ், எம், எல் என்ற எழுத்தை நம்ப வேண்டாம், அது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். செ.மீ. போட்டிருப்பதை மட்டும் வாங்குங்கள். நெய்த துணி என்றால் மார்பளவோடு 5 செ.மீ. கூட்டுங்கள், இழுத்தால் நீளும் பின்னலாடைக்கு அவ்வளவு தேவையில்லை. மாட்டியபின் கழுத்திலும் மார்பிலும் இரண்டு விரல் தாராளமாக நுழைய வேண்டும்.

எல்லாரும் கோட்டைவிடும் இடம் அக்குள். கை நுழையும் ஓட்டை சிறியதாக இருந்தால் நடக்கும்போதெல்லாம் தையல் அங்கே உரசும். இரண்டு நாளில் முடி உதிர்ந்து, மூன்றாம் நாள் தோல் சிவந்து கசியும். அந்த இடத்தில் காற்றும் படாது என்பதால் ஆறவும் ஆறாது. ஓட்டையின் கீழ்விளிம்பு அக்குளிலிருந்து 2 செ.மீ.யாவது தள்ளி நிற்கட்டும். கையில் எலாஸ்டிக் இருந்தால் பிரித்து எடுத்துவிடுங்கள். இறுகினால் பாதம் வீங்கும்.

துணி

பழைய பருத்தி வேட்டி, மல் துணி, பனியன் துணி. இந்த மூன்றுக்குள் எதை எடுத்தாலும் தப்பில்லை. பலமுறை துவைத்து நைந்த வேட்டி புதுத்துணியைவிட மேல். கஞ்சி போயிருக்கும், தோலை உறுத்தாது. ரெக்ஸின், தடித்த டெரிகாட்டன், ஜரிகை, ஜிகினா எதுவும் வேண்டாம். பொத்தான், மணி, குஞ்சம் எல்லாம் வாய்க்குத்தான் போகும். விழுங்கிய நூல் குடலில் சிக்கி ஆபரேஷன் வரை இழுக்கும். வெல்க்ரோ வசதிதான், ஆனால் பொமரேனியன் மாதிரி நீள ரோமத்தில் ஒட்டிக்கொண்டு முடியைப் பிடுங்கும். அவற்றுக்கு முதுகில் கட்டும் நாடா நல்லது. ஜிப் இருந்தால் உள்பக்கம் ஒரு பட்டைத் துணி இருக்கிறதா பாருங்கள்.

ஆபரேஷனுக்குப் பின்: பனியன் உடுப்பு

டெல்டாவில் நாய் உடுப்புக்கு உண்மையான வேலை இங்கேதான். கருத்தடை முடிந்த பெட்டை நாய் தையலை நக்காமல் இருக்க வேண்டும். தையல் பிரிக்க 10 முதல் 14 நாள் ஆகும். கழுத்தில் மாட்டும் பிளாஸ்டிக் கோன்தான் உறுதியான காவல். ஆனால் சில நாய்கள் கோன் மாட்டினால் சாப்பிடாமல், படுக்காமல் மூலையில் நின்றே இருக்கும். அவற்றுக்குக் கடையில் வாங்கும் உடுப்பைவிட வீட்டுப் பனியன் நன்றாக உட்காரும்.

திருப்பூர் பனியனில் போட்டிருக்கும் 60, 65, 70 என்ற எண் மார்புச் சுற்றளவு, செ.மீ. கணக்கில். ஆக நாயின் மார்பளவு 60 என்றால் 60 அல்லது 65 எண் பனியன். நீளம் மட்டும் முதுகளவைவிட 15 செ.மீ. கூடுதலாக வேண்டும். சின்னப் பிள்ளை பனியனில் அந்த நீளம் வராவிட்டால் பெரிய டி-ஷர்ட்டாக எடுத்து, பக்கவாட்டில் பிடித்துத் தைத்துக்கொள்ளுங்கள்.

1. பனியனை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்புங்கள். தையல் மடிப்பு வெளியே போய்விடும், தோலில் உரசாது. சில டாக்டர்கள் வயிற்று நடுவில் கீறாமல் விலாப் பக்கமாகக் கீறி ஆபரேஷன் செய்வார்கள்; அந்த நாய்க்கு இது கட்டாயம்.

2. கழுத்து இறக்கமாக உள்ள முன்பக்கம் நாயின் முதுகுக்கு வரவேண்டும். நாயின் கழுத்து மேல்நோக்கி எழும்புவதால் இறக்கம் அந்தப் பக்கம்தான் தேவை. நேராக மாட்டினால் தொண்டையை அழுத்தும்.

3. தலையை நுழைத்து, முன்னங்காலை ஒவ்வொன்றாகக் கைக்குள் விடுங்கள். காலை இழுக்காமல், துணியைச் சுருட்டிக் காலை நோக்கிக் கொண்டுவாருங்கள்.

4. கீழ்விளிம்பிலிருந்து இரு பக்கத் தையலை ஒட்டி 15 செ.மீ. மேல்நோக்கி வெட்டுங்கள். இப்போது முதுகுப் பக்கம் ஒரு துண்டு, வயிற்றுப் பக்கம் ஒரு துண்டு.

5. வயிற்றுத் துண்டைப் பின்னங்கால்களுக்கு நடுவே கொண்டுபோய், வாலுக்கு இருபுறமும் மேலேற்றி, முதுகுத் துண்டின் மூலைகளோடு சுருக்கு முடிச்சாகப் போடுங்கள். முடிச்சு முதுகில்தான் இருக்கவேண்டும். வயிற்றில் போட்டால் படுக்கும்போது தையல்மேல் அழுந்தும், பல்லுக்கும் எட்டும்.

வெளியே விடும்போது முடிச்சை அவிழ்த்து, துணியை இடுப்புவரை சுருட்டிக் கட்டிவிடுங்கள். இதைச் சோம்பலில் விட்டால் சிறுநீர் நனைந்த துணி தையலை ஊறவைக்கும். உடுப்பே போடாமல் விட்டிருந்தால்கூடத் தேவலை என்றாகிவிடும். மூன்று பனியன் தயாராக வையுங்கள்: ஒன்று உடம்பில், ஒன்று கொடியில், ஒன்று அலமாரியில். மழைக்காலம் என்றால் நான்கு. காலையும் மாலையும் கழற்றித் தையலைப் பாருங்கள். சிவந்து வீங்கியிருந்தால், நீர் கசிந்தால், வாடை வந்தால் உடுப்பு மாற்றி ஆகப்போவது ஒன்றுமில்லை, டாக்டரிடம்தான் போகவேண்டும். ஏற்கெனவே ஈ மொய்க்கும் புண்ணைத் துணியால் மூடிவைப்பது பெரிய தப்பு. மூடிய துணிக்கு அடியில் புழு வைத்தால் வெளியே தெரியவே தெரியாது.

ஆண் நாய் கருத்தடைக்கு இந்தப் பனியன் உதவாது. தையல் விதைப்பைக்கு முன்னால் இருக்கும். துணி அங்கே எட்டினால் சிறுநீர்க் குறியையும் மூடிவிடும். ஆண் நாய்க்குக் கோன் போடுங்கள்.

மழைக்கோட்டு

மெல்லிய நைலான், வயிறு திறந்தது, முதுகையும் மார்பையும் மட்டும் மூடுவது. முழு உடம்பையும் நான்கு காலையும் மூடும் கோட்டு பார்க்க நன்றாயிருக்கும். உள்ளே சூடும் ஈரமும் அடைந்து அரை மணியில் நாய் நனைந்த மாதிரியே ஆகிவிடும். தொப்பியும் வேண்டாம், காதை மடக்கி உள்ளே ஈரத்தை அடைக்கும். சங்கிலி மாட்ட முதுகில் ஒரு ஓட்டை இருக்கவேண்டும். இல்லையென்றால் கோட்டுக்கு மேலே பெல்ட் போட்டு இறுக்க வேண்டிவரும்.

பத்துப் பதினைந்து நிமிஷம் நடத்திவிட்டு வந்ததும் கோட்டைக் கழற்றி, ஈரிழைத் துண்டால் ஒற்றி எடுங்கள். வயிறு, அக்குள், காது மடல், விரலிடுக்கு. வண்டல் களி விரலிடுக்கில் காய்ந்தால் கல்லாக இறுகும்; வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்துக் கழுவித் துடையுங்கள். பாதத்தை ஓயாமல் நக்கி ரோமம் செம்பழுப்பாக மாறினால் அங்கே ஈரமும் பூஞ்சையும் குடியேறியிருக்கலாம்.

ஒன்றைச் சொல்லிவைக்க வேண்டும். தேங்கிய தண்ணீரில் எலி மூத்திரம் வழியாகப் பரவும் எலிக்காய்ச்சலை எந்தக் கோட்டும் தடுக்காது. அதற்கு வருஷாவருஷம் தடுப்பூசிதான்.

பாதத்துக்கு

ரப்பர் ஷூ வயலோர ஊருக்கு ஒத்துவராது. களிமண் உள்ளே ஏறி, நாய் ஒவ்வொரு காலிலும் அரைக்கிலோ சுமந்து நடக்கும். பாதத்தில் காயம், கட்டு இருந்தால் மட்டும், காலியான சலைன் பையை மேல்பக்கம் வெட்டி, கட்டின்மேல் மாட்டி, துணி நாடாவால் தளர்வாகக் கட்டி வெளியே கூட்டிப்போங்கள். வீட்டுக்கு வந்த நிமிஷமே கழற்றிவிட வேண்டும். ரப்பர் பேண்டு போடவே கூடாது. வெயில் காலத்தில் தார் ரோட்டில் புறங்கையை ஏழு விநாடி வைத்துப் பாருங்கள். உங்களுக்குச் சுட்டால் நாய்க்கும் சுடும். ஷூ தேடுவதைவிட நடை நேரத்தை விடிகாலைக்கு மாற்றுவது சுலபம்.

பனிக்கும் வெயிலுக்கும்

மார்கழி தை மாதத்தில் கிழட்டு நாய்க்கும் முடி கொட்டிய நாய்க்கும் இரண்டு மடிப்புப் பருத்தித் துணியில் முதுகும் மார்பும் மூடினால் போதும், அதுவும் இரவுக்கு மட்டும். விடிந்து வெயில் ஏறியதும் கழற்றுங்கள். பால்குடிக் குட்டிகளுக்குச் சட்டை போடாதீர்கள். தாயின் மடியைத் தேடுவதற்குத் துணி இடைஞ்சல். தெரு நாய்களுக்குச் சட்டை தைத்துப் போடுவது நல்ல மனசுதான், ஆனால் நனைந்தால் கழற்ற ஆள் கிடையாது. அதற்குப் பதில் திண்ணையோரம் ஒரு சாக்கில் வைக்கோல் அடைத்துப் போடுங்கள். துணி தண்ணீரை உறிஞ்சிப் பிடித்துவைக்கும். வைக்கோல் அப்படிப் பிடிக்காது. வாரம் ஒருமுறை மாற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் உண்ணி சேரும்.

கோடைக்கு விற்கும் குளிரூட்டும் கோட்டு, நனைத்துப் போட்டால் ஈரம் ஆவியாகி உடம்பைக் குளிர்விக்கும் என்ற கணக்கில் செய்தது. திருச்சிப் பக்க வறண்ட வெயிலில், ஃபேன் காற்றில், அது ஓரளவு வேலை செய்யும். நாகை, வேதாரண்யம் பக்கம் காற்றே ஈரம் சுமந்திருப்பதால் தண்ணீர் எளிதில் ஆவியாகாது. கோட்டு சூடாகி, ஈரப் போர்வை போர்த்தின கதையாகும். ஈரத் துண்டை முதுகில் போர்த்துவதைவிடத் தரையில் விரித்து வயிறு படப் படுக்கவிடுங்கள். பக் போன்ற மூக்கடங்கிய நாய்க்குக் கோடையில் எந்த உடுப்பும் கிடையாது. வெளுத்த ரோமமும் இளஞ்சிவப்புத் தோலும் உள்ள ராஜபாளையம் நாய் வெயிலில் போய்த்தான் ஆகவேண்டும் என்றால், ஒற்றை மடிப்பு வெள்ளை மல் துணி சற்று நேரத்துக்குப் போதும்.

பெட்டை நாய் தீட்டாகும் சுமார் மூன்று வாரத்துக்கு விற்கும் ஜட்டி தரையில் ரத்தக் கறை படாமல் காக்கும், அவ்வளவே. இனச்சேர்க்கையைத் தடுக்கும் என்று நம்பி வெளியே விட்டுவிடாதீர்கள்.

பழக்குவதும் பராமரிப்பதும்

முதல் நாள் துணியை முகரவிடுங்கள், பக்கத்தில் தீனி வையுங்கள். மறுநாள் ஒரு நிமிஷம் மாட்டிக் கழற்றுங்கள். பிறகு ஐந்து, பத்து. சிலை மாதிரி நின்றுவிடுவது, காதைப் பின்னால் மடக்குவது, உதட்டை நக்கிக்கொண்டே இருப்பது, சிறுநீரை அடக்குவது இவையெல்லாம் வேண்டாம் என்று அது சொல்வதுதான். தினமும் ஒருமுறை உடுப்பைக் கழற்றி அக்குள், கழுத்து, காதுக்குள், விரலிடுக்கு எல்லாம் தடவிப் பாருங்கள். உண்ணிக்குத் துணியடி நல்ல மறைவிடம். உண்ணிக் காய்ச்சல் வந்த நாயைத் தேற்றுவது லேசல்ல.

துவைக்க வாசனையில்லாத சோப்புத்தூள் கொஞ்சம், அலசுவது மூன்று தண்ணீரில். சோப்பு மிச்சம் இருந்தால் அரிப்பு வரும், அதைச் சொறி என்று நினைத்து மருந்து வாங்க ஓடுவீர்கள். ஃபினைல் கலந்த தண்ணீரில் ஊறப்போடக் கூடாது. அடைமழையில் வெயில் இல்லாத நாளில் அயர்ன் போட்டு ஈரத்தை முழுக்க எடுத்த பிறகே மாட்டுங்கள். அலமாரியில் நாய்த் துணி இருக்கும் தட்டில் அந்துருண்டை வைக்காதீர்கள். அது நாய்க்கு விஷம். காய்ந்த வேப்பிலை நாலு கொத்துப் போதும்.