‘டொக்’ சத்தம் கேட்டதும் ஷொக் மாற்ற ஓடாதீர்கள்

மட்டக்களப்பிலிருந்து கல்முனை வரைக்கும் எந்தக் கராஜுக்குப் போனாலும், உயரம் குறைத்த ஒரு சிவிக்கோ லான்சரோ ஸ்விஃப்டோ நிற்கும். முறைப்பாடும் அநேகமாக ஒன்றுதான்: “இறக்கினதிலிருந்து முன்னுக்கு டொக் டொக் எண்டு அடிக்குது.” அதற்குக் கிடைக்கும் பதிலும் ஒன்றுதான்: “ஷொக் போயிட்டுது.” துள்ளலை அடக்கும் ஷொக் அப்சோபரை மாற்றுவார்கள், சத்தம் நிற்காது. பிறகு சில்லைக் காரோடு இணைக்கும் லோவர் ஆர்ம், அதற்குப் பிறகு ஸ்டியரிங்கின் ரெக் என்ட். கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளிலிருந்து சாமான் பஸ்ஸில் வந்துகொண்டே இருக்கும், சத்தமும் கூடவே இருக்கும்.

கம்பனி பூட்டியபடியே ஓடும் பழைய காரில் சத்தம் வந்தால், ஏதோ தேய்ந்துவிட்டது என்று நினைப்பது நியாயம். மாற்றம் செய்த காரில் முதல் கேள்வி வேறு. கடைசியாக எதைக் கழற்றினார்கள், திரும்ப எப்படிப் பூட்டினார்கள்? புதுச் சாமானும் பழைய சாமானும் சேரும் இடத்தில்தான் இந்தச் சத்தம் பெரும்பாலும் பிறக்கிறது. எனவே காசு கொடுத்து எதையும் வாங்குமுன் அந்த இடங்களைப் பாருங்கள்.

அதற்கும் முன்னால் டிக்கியைத் திறந்து சப்வூஃபர் பெட்டி, ஜக், ஸ்பெயார் சில்லு எல்லாவற்றையும் இறக்கி வைத்துவிட்டு ஒரு சுற்று ஓடிப் பாருங்கள். சிரிக்க வேண்டாம். சரியாக இறுக்காத ஜக் எழுப்பும் சத்தம் பின் ஷொக் சத்தத்தைப் போலவே இருக்கும்.

ஓடிப் பார்க்கும் இடம்

காபட் போட்ட பிரதான வீதியில் வேகமாக ஓடிவிட்டு “இப்ப கேக்கல்லையே” என்பது ஒரு தவறு. படுவான்கரைக் கிரவல் வீதிக்குக் கொண்டுபோவது அதற்கு நேர்மாறான தவறு. அங்கே எல்லாமே சேர்ந்து கடகடக்கும், ஒன்றையும் பிரித்தறிய முடியாது. இரண்டு பக்கமும் மதில் உள்ள ஒரு கொங்கிரீட் ஒழுங்கைதான் வசதி. மதிலில் பட்டுச் சத்தம் திரும்பி வருவதால் எந்தப் பக்கம் என்பது ஓரளவு பிடிபடும். ஏசி, ரேடியோவை நிறுத்தி, கண்ணாடிகளை இறக்கி, நடை வேகத்தில் போங்கள்.

ஒரு வேகத்தடையில் இரண்டு முன் சில்லுகளும் ஒன்றாக ஏறும்படி ஒரு தடவை, ஒரு சில்லு மட்டும் ஏறும்படி இன்னொரு தடவை. இரண்டும் ஒன்றாக ஏறினால், இரண்டு பக்கத்தையும் இணைத்து வளைவில் கார் சரிவதைக் குறைக்கும் ஸ்டெபிலைசர் பார் முறுகாது. ஒன்று மட்டும் ஏறும்போதுதான் முறுகும். ஆகவே ஒற்றைச் சில்லு ஏறும்போது மட்டும் சத்தம் வந்தால் பாரின் நுனியைப் பிடிக்கும் லிங்க் என்ற சிறு தண்டையும், பாரைத் தாங்கும் ரப்பர் புஷ்ஷையும் முதலில் சந்தேகியுங்கள். அப்புறம், மெதுவாக ஓடும்போது பிரேக்கை இலேசாகத் தொட்டுப் பாருங்கள். சத்தம் உடனே நின்றால், கலிப்பருக்குள் ஆடும் பிரேக் பேட்டாக இருக்கலாம். கியர் மாற்றும்போதும் அக்சலரேட்டரை மிதித்து விடும்போதும் மட்டும் அடித்தால் எஞ்சின் மவுண்டைப் பாருங்கள்.

ஒரு பக்கம் மட்டும் ஜக் அடித்து லிங்கை ஆட்டுவது

இதைச் செய்யாத ஆள் இல்லை. ஒரு முன் சில்லைத் தூக்குகிறோம், மற்றது நிலத்தில் நிற்கிறது. அந்த நிலையில் பார் முறுகி லிங்கை இழுத்துப் பிடித்திருக்கும். தேய்ந்த லிங்கும் கையில் இறுக்கமாகத்தான் தெரியும். “லிங்க் நல்லாயிருக்கு” என்று முடிவு செய்துவிட்டு வேறெங்கோ தேடப் போய்விடுவோம். இரண்டு முன் சில்லுகளையும் தூக்குங்கள், அல்லது இரண்டும் நிலத்தில் நிற்கக் குழியில் இறங்கிப் பாருங்கள். இன்னும் நிச்சயம் வேண்டுமென்றால் இரண்டு லிங்குகளையும் கழற்றிவிட்டு அதே ஒழுங்கையில் மெதுவாக ஓடலாம். பார் வேலை செய்யாததால் கார் வளைவில் அதிகம் சரியும், வேகம் வேண்டாம். சத்தம் போய்விட்டால் விடை கையில்.

லிங்க் புதிதாக இருந்தாலும் பிரச்சினை தீராமல் இருக்கலாம். காரை இறக்கினால் பாரின் கோணம் மாறுகிறது, பழைய லிங்கின் நீளம் அந்த உயரத்துக்குப் பொருந்தாமல் போகலாம். பார் போய் ஸ்டியரிங்கின் டை ரொட்டிலோ ஆர்மிலோ தட்டும். பெயின்ட் உரிந்து பளபளக்கும் தழும்பு எங்காவது இருக்கிறதா என்று டோர்ச் அடித்துத் தேடுங்கள். தழும்பு இருந்தால் அந்த உயரத்துக்கு ஏற்ற நீளமுள்ள லிங்க் வேண்டும், அதே அளவில் இன்னொன்று வாங்கிப் பயனில்லை.

ஸ்பிரிங்கும் மேல் மவுண்டும்

வெட்டி இறக்கிய ஸ்பிரிங்கைப் பற்றி என் அபிப்பிராயம் சுருக்கமானது: செய்யாதீர்கள். வெட்டிய முனை, ஸ்பிரிங் அமரும் இருக்கையில் சரியாகப் பொருந்தாது. காஸ் சுடரில் வெட்டியிருந்தால் அந்த இடத்தில் உருக்கின் பதமும் கெட்டிருக்கும். முறையான கொயிலோவரிலும் (உயரத்தை மாற்றக்கூடிய ஷொக்கும் ஸ்பிரிங்கும் சேர்ந்த தொகுதி) ஸ்பிரிங் கட்டையாக இருந்து, சில்லு முழுதாகத் தொங்கும்போது ஸ்பிரிங் தளர்ந்துவிட்டால் சத்தம் வரும். பள்ளத்தில் விழுந்து எழும்போது ஸ்பிரிங் இருக்கையை விட்டு எழும்பி மீண்டும் அமரும். காரைத் தூக்கி, சில்லைத் தொங்கவிட்டு, ஸ்பிரிங்கைக் கையால் சுழற்றிப் பாருங்கள். மேலும் கீழும் ஆடினால் காரணம் அதுதான். கொயிலோவரின் பூட்டு வளையங்களையும் பாருங்கள். கடற்கரைப் பக்கம் ஓடும் காரில் மரைக்குள் மணலும் உப்பும் ஏறியிருக்கும். வளையம் இறுகியதுபோல ஸ்பேனரை ஏமாற்றும், உண்மையில் இறுகியிராது. மரையைத் தூரிகையால் துடைத்துவிட்டு இறுக்குங்கள்.

நிறுத்திய காரில் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது ‘டொய்ங்’ என்று ஒரு துள்ளல் கேட்டால், ஷொக்கின் மேல்முனையைக் காரோடு பிடிக்கும் மேல் மவுண்டின் பெயாரிங்கைப் பாருங்கள். பொனட்டைத் திறந்து மவுண்டின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு இன்னொருவரைத் திருப்பச் சொல்லுங்கள். காதுக்குப் பிடிபடாதது கையில் உதறலாகத் தெரியும். சுருள்களுக்கு இடையில் மட்டும் விரலை விடவேண்டாம். கொயிலோவரைப் பழைய மவுண்டோடு பூட்டும்போது ஒரு வாஷரோ ஸ்லீவோ விடுபடுவது சாதாரணம். ஷாஃப்டுக்கும் ஓட்டைக்கும் இடையில் மயிரிழை இடைவெளி போதும், ஒவ்வொரு பள்ளத்திலும் அடிக்கும். எயார் கன்னால் மேல் நட்டை இறுக்கினால் ஷாஃப்டும் சேர்ந்து சுற்றும், நட் இறுகியதுபோல் தோன்றும். ஷாஃப்டைப் பிடித்துக்கொண்டு கையால் இறுக்குங்கள்.

கனமான ‘தொம்’ என்றால் ஷொக் அதன் எல்லையை முட்டுகிறதா என்று பாருங்கள். டஸ்ட் கவரை மேலே தள்ளி, ஷாஃப்டின் அடியில் ஒரு கேபிள் டையைச் சுற்றிக் கட்டிவிட்டு ஓடுங்கள். திரும்பி வந்து பார்க்கும்போது டை, எல்லையில் முட்டும் பம்ப் ஸ்டொப் ரப்பர் வரை ஏறியிருந்தால் அசைய இடமே மிச்சமில்லை. காரைக் கொஞ்சம் உயர்த்துவதுதான் மருந்து.

சில்லு தொங்க ஆர்ம் போல்ட்டை இறுக்குவது

ரப்பர் புஷ் உள்ள ஆர்மைத் தொங்கிய நிலையிலேயே இறுக்கினால், கார் நிலத்தில் இறங்கியதும் புஷ் முறுகியபடியே இருக்கும். சில மாதங்களில் கிழியும். “புதுசு போட்டும் போச்சு” என்று கடைக்காரரைத் திட்டுவோம். காரின் பாரம் சில்லில் இருக்கும்போதுதான் கடைசி இறுக்கு. கொயிலோவரில் உயரத்தை மாற்றினால் அந்தப் போல்ட்டுகளைத் தளர்த்தி மீண்டும் இறுக்க வேண்டும். ரப்பர் புஷ்ஷுக்கு எண்ணெய் ஸ்பிரே அடிப்பது சில நாளைக்குச் சத்தத்தை அடக்கும், பிறகு ரப்பரையே கெடுக்கும்.

இந்த வேலைகளுக்கு இடமும் முக்கியம். நமது வளவுகள் பாதிக்குமேல் மணல். ஜக் ஒரு பக்கம் புதையும், கார் சரியும். அடியில் தடித்த பலகை, மேலே எக்சல் ஸ்டாண்ட். சீமெந்துக் கல் அடுக்கி அதன்மேல் காரை நிறுத்தாதீர்கள், அது சொல்லாமல் வெடிக்கும்.

ஆர்மின் நுனியில் இருக்கும் உருண்டை மூட்டான போல் ஜொயின்ட்டைப் பார்ப்பதற்கும் முறை உண்டு. ஸ்விஃப்ட், விட்ஸ், லான்சரின் முன்பக்கம் மெக்ஃபேர்சன் வகை: ஷொக்கும் ஸ்பிரிங்கும் ஒன்றாக, சில்லைத் தாங்கும் நக்கிளில் பூட்டியிருக்கும். சில்லைத் தொங்கவிட்டு, ஆர்முக்கும் நக்கிளுக்கும் இடையில் கம்பியால் நெம்பினால் ஆட்டம் தெரியும். ஈகே என்ற பழைய சிவிக் மாதிரியில் ஸ்பிரிங்கின் பாரம் லோவர் ஆர்மில் வருவதால், ஆர்முக்கு அடியில் ஜக் கொடுத்துப் பாரத்தை எடுத்த பின்பே ஆட்டம் தெரியும். மாரியில் வெள்ளத்துக்குள் ஓடிய காரில் கிழிந்த ரப்பர் உறை வழியாக மணல் தண்ணீர் உள்ளே போயிருக்கும். ஆட்டம் கண்ணுக்குத் தெரிந்தால், சத்தம் சின்னதாக இருந்தாலும் அந்தக் காரை ஓட்டிக்கொண்டு கராஜுக்குப் போகாதீர்கள். ஜொயின்ட் கழன்றால் சில்லு மடிந்து விழும். வேறு வாகனத்தில் ஏற்றிக்கொண்டு போங்கள்.

எல்லாம் இறுக்கி முடிந்ததும் ஒவ்வொரு நட்டுக்கும் போல்ட்டுக்கும் குறுக்கே டிப்பெக்ஸால் ஒரு கோடு போட்டு வையுங்கள். அக்கரைப்பற்றுக்கு ஒரு தடவை போய்வந்த பிறகு குனிந்து பாருங்கள், கோடு உடைந்திருந்தால் நட் சுற்றியிருக்கிறது. சில்லின் சரிவை மாற்றும் கெம்பர் போல்ட்டில் கோடு விலகியிருந்தால் வீல் அலைன்மன்டையும் திரும்பச் செய்யவேண்டி வரும்.